புத்தகத்து வீடும் நம்ம காம்பராவும்: ஆரம்பப் பிரிவுப் பாடநூல்களில் யார் இருக்கிறார்கள்?

பீலிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கையில் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பன்னிரண்டு வருடமாகத் தரம் 1, தரம் 2 பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். போன கிழமை வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் வீடு பற்றிய பகுதி. பார்த்துப் பேசுவதற்கான படத்தில் ஒரு தனி வீடு. ஓட்டுக் கூரை, முன்னால் முற்றம், பக்கத்தில் மாமரம், சுற்றி வேலி, பின்னால் கிணறு. படத்தைப் பற்றிப் பேசி முடித்து, "இப்ப உங்க வீட்டை வரைங்க" என்றேன். இரண்டாவது வரிசையில் இருக்கும் ஒரு பையன் தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீளமாக ஒரு கோடு போட்டான். அதன் கீழே வரிசையாக எட்டுக் கதவுகள். மூன்றாவது கதவுக்கு மட்டும் நீல நிறம் தீட்டினான். அப்படியே அவன் வீடு இருக்கும் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள் உள்ள தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்கக் கூரை மேலே வைத்திருக்கும் கற்களைக்கூட அவன் விடவில்லை.

மற்றப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நான் திரும்பி வந்தபோது அழித்துக்கொண்டிருந்தான். தாள் கிழியும்வரை அழித்தான். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, புத்தகத்தில் இருந்த மாமரத்து வீட்டைப் பார்த்து வரையத் தொடங்கினான். "ஏன் கண்ணு அதை அழிச்ச?" என்று கேட்டேன். "மிஸ், வீடுன்னா புத்தகத்துல இருக்கிறது. நம்மளது காம்பரா தானே" என்றான்.

அன்று முழுவதும் எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. இந்த நாட்டில் 1980இலிருந்து பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் லயங்களில் பல வீடுகளில் இருக்கிற ஒரே புத்தகம் அதுதான். அதனால்தான் அதில் என்ன இருக்கிறது என்பது இவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்ட எங்கள் மலையகச் சனமே சனத்தொகையில் 4 வீதத்துக்கு மேல். இத்தனை பேரின் பிள்ளைகள் தங்கள் ஆத்தாவையும் தாத்தாவையும் எந்தப் பக்கத்தில் தேடுவது? உங்கள் ஊர்களில், உங்கள் பிள்ளைகளின் புத்தகங்களில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வடலி எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் வடக்கில் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளை படத்தை அழித்ததை வாசிக்க எனக்கும் மனம் கஷ்டமாய்த்தான் இருந்தது. ஆனால் பழியைப் புத்தகத்தில் மட்டும் போடுவது சரியா என்று யோசிக்கிறேன்.

1997இல் அறிவித்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பகா மாவட்டத்தில் தரம் 1இல் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதற்கும் வந்தது. தரம் 1, 2 முதன்மை நிலை ஒன்று, 3, 4 இரண்டு, 5 மூன்று என்று பிரித்தார்கள். அதன் உயிரே செயற்பாடுதான். பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போ, அதன் சுற்றாடலிலிருந்து தொடங்கு என்றுதான் ஆசிரியர் வழிகாட்டி சொல்லுகிறது. புத்தகத்தில் உள்ள வீடு ஒரு மாதிரி மட்டும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு லயத்திலிருந்து பாடத்தைத் தொடங்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. ஒரு நாட்டுக்கு ஒரு புத்தகம் என்றால் எல்லாருடைய வீட்டையும் அதில் போட இடம் கிடையாது. நெடுந்தீவுப் பிள்ளைக்குக் கல்வேலி, மன்னார்ப் பிள்ளைக்கு வாடி, உங்கள் பிள்ளைக்கு லயம் என்று போய்க்கொண்டே இருந்தால் புத்தகம் எங்கே முடியும்? தன் வீட்டைப் பிள்ளைக்குத் தெரியும். தெரியாததைக் காட்டத்தானே புத்தகம்?

பீலிக்கரை எழுதியது:

வடலி ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். வழிகாட்டியை நான் வாசித்திருக்கிறேன். லயத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன். காலையில் தொழிலாளருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம் வரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பீலியடியில் வைத்து நீர் பற்றிப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு மிஸ் வாயால் சொல்வது ஒன்று, அச்சில் நிறத்தோடு வருவது வேறொன்று. அரசாங்கம் அச்சடித்த புத்தகத்தில் வந்ததுதான் வீடு என்று அவன் முடிவு செய்துவிட்டான். நான் என்ன சொல்லியும் அன்றைக்கு அவன் அந்த லயத்தை மறுபடி வரையவில்லை.

தெரியாததைக் காட்டத்தான் புத்தகம் என்பதை ஏற்கிறேன். அப்படியென்றால் முற்றமும் கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு லயம் தெரியாதது. அந்தப் பிள்ளையின் புத்தகத்தில் அது இருக்க வேண்டுமே ஐயா.

இருமொழி எழுதியது:

நான் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்திலிருந்து தமிழுக்கு. இந்தப் பேச்சில் யாரும் தொடாத ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும்.

நம் ஆரம்பப் பிரிவில் தமிழ் மொழி, சைவம், இஸ்லாம் போன்ற பாடங்களின் நூல்கள் தமிழிலேயே எழுதப்படுகின்றன. மற்றப் பாடங்கள் பெரும்பாலும் முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டுப் பிறகு தமிழுக்கு வருகின்றன. பாடத்திட்டம் மகரகமையில் தேசிய கல்வி நிறுவகத்தில் உருவாகிறது, நூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் வழியே அச்சுக்குப் போகிறது. நான் அங்கே வேலை செய்ததில்லை. சிறுவர் துணை வாசிப்பு நூல்கள் சிலவற்றுக்காக வேறோர் இடத்தில் செய்தேன், பெயர் வேண்டாம். ஆனால் மொழிபெயர்ப்பு மேசை எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான்.

என்னிடம் வந்த ஒரு கதையில் போயா என்னும் பௌர்ணமி தினத்தில் பாட்டி ஒருத்தி விகாரைக்குப் போகிறாள். வெள்ளைச் சேலை, கையில் அரலியப் பூத்தட்டு. தமிழில் "பாட்டி கோயிலுக்குப் போகிறாள்" என்று மாற்றச் சொன்னார்கள். நிமல் என்ற பேரன் நிமலன் ஆனான். சரி, படத்தை என்ன செய்வது? படத்தில் பின்னால் தாதுகோபுரம் அப்படியே நிற்கிறது. "படம் வரைந்து முடிந்துவிட்டது, எழுத்தை மட்டும் பாருங்கள்" என்றார்கள். தமிழ்ப் பிள்ளை கையில் வரும்போது நிமலனின் பாட்டி தாதுகோபுரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கோயிலில் கற்பூரம் கொளுத்துகிறாள்.

அந்தப் பாட்டியை விகாரைக்கே போக விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தமிழ்ப் பிள்ளை ஒரு பௌத்தப் பாட்டியை அவள் பெயரோடு, அவள் கும்பிடும் இடத்தோடு தெரிந்துகொண்டிருக்கும். பெயரை மாற்றியதால் அந்தப் பாட்டியும் போனாள், நம் பாட்டியும் வரவில்லை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் என் கைகளுக்கு நன்றாகத் தெரிந்தது. தமிழ் வசனம் சிங்களத்தைவிட நீளமாக வரும். எழுத்துக்கான பெட்டி சிங்களத்துக்கு அளந்து போட்டது. அதனால் தமிழில் ஏதாவது ஒன்றை வெட்ட வேண்டும். எதை வெட்டுவோம்? ஓசைக்காக வந்த சொல், பிள்ளைக்குச் சிரிப்பு வரும் சொல், அடுக்குத் தொடர். தகவல் மட்டும் மிஞ்சும். நம் பிள்ளைகளுக்கு வாசிப்பு ருசிக்கவில்லை என்று நாம் பிறகு கவலைப்படுகிறோம்.

கல்லோயாக்கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் அம்பாறை மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் பாடசாலையில் தரம் 3 படிப்பிக்கிறேன். பீலிக்கரை தங்கச்சி கேட்டதற்கு எங்கட பக்கத்திலிருந்து ஒரு பதில்.

எங்கட பிள்ளைகளுக்குத் தாய்மொழி தமிழ். ஆனால் தமிழ்ப் புத்தகம் என்றால் அதில் அம்மா, அப்பா, தாத்தா. எங்கட பிள்ளை வீட்டில் சொல்வது உம்மா, வாப்பா, மூத்தாப்பா. கிழக்கில் "தாத்தா" என்றால் எங்களுக்கு மூத்த சகோதரி! "தாத்தா தடி ஊன்றி நடந்தார்" என்று நான் வாசிக்க, ஒரு பிள்ளை எழும்பி "டீச்சர், தாத்தாக்குக் காலில என்ன?" என்று கவலையோடு கேட்டாள். அவளுக்கு வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற தாத்தா இருக்கிறாள். நான் இரண்டையும் விளக்கினேன், அவளும் விளங்கிக்கொண்டாள். ஆனால் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் எங்கட சொல்லை யாராவது ஒரு நாள் விளக்குகிறார்களா?

அப்புறம், முஸ்லிம் ஆள் பாடத்தில் வந்தால் நோன்புப் பெருநாளுக்குத்தான் வருவார். தொப்பி, வட்டிலப்பம், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவது. நல்லதுதான், நாங்கள் அப்படிக் கொடுக்கிறவர்கள்தான். பெருநாள் முடிந்தால் ஆளைக் காணோம். என் வாப்பா நாற்பது வருடம் வயல் செய்தவர். விதைப்பு, சூடடிப்பு, வட்டை, கண்டம் என்று அவர் பேச்சே வேறு. வேளாண்மை பற்றிய பாடத்தில் அவரைப் போன்ற ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் நிற்கட்டும். அவர் முஸ்லிம் என்று யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பெயர் மட்டும் இருந்தால் போதும்.

வாகரைக் கடல் எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து ஒரு சேர்க்கை. வேடர் என்றால் புத்தகத்திலும் பொது அறிவிலும் தம்பானை என்ற காட்டோரக் கிராமத்து வேடர் மட்டும்தான். தோளில் கோடரி, தாடி. வாகரைப் பக்கம் கரையோர வேடர் இருக்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள், கடல் தொழில் செய்கிறார்கள், தமிழ்ப் பாடசாலைக்குத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். வேடர் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை "நாங்களும் அவங்களா சேர்?" என்று மெதுவாகக் கேட்டதை நான் மறக்கவில்லை. படத்தில் இருந்தவரைப் போல அவன் வீட்டில் ஒருவரும் இல்லை.

கேகாலை டீச்சர் எழுதியது:

நான் தமிழ்ப் பெண், கேகாலை மாவட்டத்தில் ஒரு சிங்களப் பாடசாலையில் இரண்டாம் தேசிய மொழியாகத் தமிழ் படிப்பிக்கிறேன். நீங்கள் எல்லோரும் நம் பிள்ளைகள் தங்களைப் புத்தகத்தில் காணவில்லை என்கிறீர்கள். நான் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். என் பிள்ளைகள் தங்களை எல்லாப் பக்கத்திலும் காண்கிறார்கள். மற்றவர்களைத்தான் காணவில்லை.

சிங்களத்தில் "வெவை தாகபை, கமை பன்சலை" என்று ஒரு பழைய சொல் உண்டு. குளமும் தாதுகோபுரமும், கிராமமும் விகாரையும். அழகான சொல், அழகான வாழ்க்கை. ஆனால் நாடே அவ்வளவுதான் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. 1980களில் விமர்சகர் ரெஜி சிறிவர்தன பாடநூல்களை ஆராய்ந்தபோது சிங்கள வாசிப்பு நூல்கள் பெரும்பாலும் சிங்கள பௌத்த உலகத்துக்குள்ளேயே நிற்கின்றன என்று எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ மாற்றங்கள் வந்தன. 2008இல் சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி என்று கல்வி அமைச்சு ஒரு கொள்கையே கொண்டுவந்தது. அதை வாசித்துப் பாருங்கள், நல்ல கொள்கை. அதற்குப் பிறகும் நான்காம் தரத்துப் பிள்ளை ஒருத்தி என்னிடம் "டீச்சருக்கு வீட்டில் ஆச்சி இருக்கிறாரா? தமிழில் கதை சொல்வாரா?" என்று கேட்டாள். தமிழ் என்பது பாடம், பரீட்சை என்று நினைத்திருந்தவள். அதில் ஒரு ஆச்சி கதை சொல்ல முடியும் என்பதே அவளுக்குப் புதிது. நான் எங்கள் ஆச்சி சொன்ன காகம் வடை கதையைச் சொன்னேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பாடசாலையிலிருந்து எட்டு மைல் போனால் றப்பர்த் தோட்டம், தமிழ் லயங்கள். ஒரு பிள்ளையும் அங்கே போனதில்லை. பாடசாலை மொழியால் பிரிந்திருக்கிறது, பல ஊர்களில் மதத்தாலும் பிரிந்திருக்கிறது. நேரில் சந்திக்க வழியில்லாதபோது புத்தகத்திலாவது சந்திக்க வேண்டாமா? பீலிக்கரை அக்கா, உங்கள் பையனின் லயம் முதலில் என் பிள்ளைகளின் புத்தகத்தில் வர வேண்டும்.

மஸ்கெலியா மைந்தன் எழுதியது:

நான் லயத்தில் பிறந்தவன். இப்போது கொழும்பில் வேலை. டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் ஒன்றைத் திறந்து சொல்கிறேன். லயத்தைப் புத்தகத்தில் போட வேண்டாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நாங்கள் ஆறு பேர் படுத்தோம். மழை பெய்தால் பாத்திரம் வைப்போம். வெள்ளைக்காரன் கூலிகளுக்குக் கட்டியது அது. அதைப் படமாகப் போட்டு "இதுவும் ஒரு வகை வீடு" என்று கீழே எழுதினால், அது சரியான வீடுதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் அளவுக் காணியில் தனி வீடு கேட்டுப் போராடும் சனம் நாங்கள். அந்தப் பையன் அழித்தான் பாருங்கள், அவன் சரியாகத்தான் செய்தான். மாமரமும் முற்றமும் உள்ள வீடு அவனுக்கும் வேண்டும். அந்த ஆசையைப் புத்தகம் தரட்டும்.

கொழும்பில் கூட வேலை செய்கிறவர்கள் "ஊரில் எப்படிப்பட்ட வீடு" என்று கேட்கும்போது நான் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுகிறேன். படத்தில் போட்டால் அந்த வெட்கம் போய்விடுமா?

பீலிக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் பதிலை வாசித்து இரண்டு நாள் நான் ஒன்றும் எழுதவில்லை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். நீங்கள் சொன்ன அந்தப் பாத்திரச் சத்தம் எனக்கும் தெரியும்.

லயத்தை நல்ல வீடு என்று யாரும் அச்சடிப்பதை நான் ஒருக்காலும் கேட்க மாட்டேன். நீங்கள் சொன்னதில் நான் ஏற்காதது ஒன்றுதான். அவன் ஆசைப்பட்டு அழிக்கவில்லை தம்பி. வெட்கப்பட்டு அழித்தான். மாமரத்து வீட்டைத் தன் வீடு என்று காட்டினான். அவனுடைய அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, படங்குக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் வீடு அது. அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் அழித்தான்.

நான் கேட்பது மனிதர்களை. எங்கள் பிள்ளைகளுக்குத் தேயிலை என்றால் அதைத் தோட்டமாகப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1867, லூல்கந்துர தோட்டம் என்று தெரியும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக மனப்பாடம். அந்தச் செடியை நட்ட கைகள் யாருடையவை என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களுடைய பூட்டன் பூட்டிதான்! கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்து வந்தவர்கள். 2023இல், வந்து இருநூறு வருடமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் திரும்ப நடந்தார்கள். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள், மீனாட்சி அம்மை பாட்டெழுதித் தானே பாடினார். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். இதெல்லாம் தரம் 2 பிள்ளைக்குச் சொல்ல முடியாது, தெரியும். ஆனால் மீனாட்சி அம்மை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார் என்று சொல்லலாம் அல்லவா? மாசி மாதம் வந்தால் காமன் கூத்து என்று சொல்லலாம் அல்லவா? பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் விடிய விடிய ஆடுகிற சனம் நாம்.

கணக்குப் பாடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கழித்தல். மாம்பழம் வைத்தும் பலூன் வைத்தும் சொல்லிப் பார்த்தேன், பின்வரிசைப் பிள்ளைகள் அசையவில்லை. பிறகு இப்படிக் கேட்டேன்: "ஆத்தா 18 கிலோ கொழுந்து எடுத்தாங்க. நிறுக்கும்போது 2 கழிச்சிட்டாங்க. நிறை எழுதுற துண்டில எத்தனை விழும்?" கேட்டு முடிக்கவில்லை, "பதினாறு!" என்று வகுப்பே கத்தியது. அதுவரை வாய் திறக்காத ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், ரெண்டு ஏன் கழிக்கிறாங்க?" என்றாள். "கூடைக்கும் தண்ணிக்கும்" என்று இன்னொருத்தன். "கூடை ரெண்டு கிலோ இருக்குமா?" என்று அவள். அடுத்த நாள் ஒரு பழைய கூடையைக் கொண்டுவந்தார்கள். கடைத் தராசை இரவல் வாங்கி நிறுத்துப் பார்த்தோம். ஒரு கிலோகூட வரவில்லை. அன்று அவர்கள் படித்த கழித்தலை இனி ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.

லயமும் அப்படித்தான் வரட்டும் தம்பி. "இது நல்லது" என்று ஒரு வரியும் வேண்டாம். கூரை ஒழுகுகிறது, அப்பா தகரத்தின் மேல் கல் வைக்கிறார், பக்கத்துக் காம்பரா அக்கா வந்து பாத்திரம் பிடிக்கிறாள் என்று வரட்டும். அதை வாசிக்கும் கேகாலைப் பிள்ளை "ஏன் இவர்களுக்குத் தனி வீடு இல்லை?" என்று கேட்பாள். உங்கள் ஏழு பேர்ச்சஸ் கேள்வியை அவளும் கேட்கட்டும்.

மஸ்கெலியா மைந்தன் எழுதியது:

பக்கத்துக் காம்பரா அக்கா வந்து பாத்திரம் பிடித்ததை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் லயத்தில் அவர் பெயர் செல்லம்மா அக்கா. அப்படி எழுதினால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் எழுதுகிறவர் லயத்தில் ஒரு மழைக்காலமாவது இருந்தவராக வேண்டும். கொழும்பில் இருந்து காரில் வந்து படம் பிடித்துப் போகிறவர் வேண்டாம்.

கிள்ளான் வாசகர் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். டீச்சர் சொன்ன பையனை நினைத்து மனம் கனத்துவிட்டது. தம்பி கடைசியாகச் சொன்னது எங்களுக்கும் பொருந்தும் என்பதால் சுருக்கமாக ஒன்று.

2019இல் எங்கள் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சீனப் பள்ளிகளுக்குமான நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில், மலாயை அரபு எழுத்து முறையில் எழுதும் ஜாவியின் எழுத்தழகை, காட் என்பார்கள், சேர்க்கப்போவதாக ஜூலை இறுதியில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஆறு பக்கங்கள். பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டில் மூன்று பக்கமாகக் குறைத்தார்கள், ஆசிரியர் விருப்பம் என்றார்கள், பிறகு பெற்றோரும் ஒப்ப வேண்டும் என்றார்கள். என் பக்கத்து வீட்டு மலாய் நண்பர் மிகவும் வருந்தினார். அவருடைய தாத்தா ஜாவியில் கடிதம் எழுதியவர். எங்களில் பலருக்கும் அந்த எழுத்தின் மேல் வெறுப்பு கிடையாது, பழைய நாணயங்களில் பார்த்திருக்கிறோம். எங்களைக் கேட்காமல் எங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் வைத்ததுதான் வலித்தது. முன்கூட்டியே பெற்றோரைக் கூப்பிட்டு, மலாய்ப் பள்ளிப் பிள்ளைகளும் இரண்டு பக்கம் தமிழ் எழுத்தையும் சீன எழுத்தையும் பார்க்கட்டும் என்று பேசித் தொடங்கியிருந்தால், என் நண்பருடைய தாத்தாவின் எழுத்து என் மகளுக்கு ஒரு பரிசாக வந்திருக்கும். இப்போது அது சண்டையின் பெயராக அவள் மனத்தில் நிற்கிறது.

வடலி எழுதியது:

எல்லாருடைய பதிலையும் வாசித்தேன். முதலில் நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டும்.

பல வருடத்துக்கு முந்தி தமிழ் வாசிப்புப் பகுதிகள் தயாரித்த ஒரு குழுவில் வளவாளராக இருந்தேன். பனை பற்றி ஒரு பாடம் கட்டாயம் வேண்டும் என்று வாதாடி வாங்கினேன். ஒடியல், பனாட்டு, பனங்கிழங்கு, நுங்கு. நல்ல பாடம். குழுவில் மலையகத்திலிருந்து யாரும் இல்லை, கிழக்கு முஸ்லிம் ஆசிரியர் யாரும் இல்லை. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. எங்களுக்குச் சிங்களத்தில் எழுதி அனுப்புகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டு, நாங்கள் யாழ்ப்பாணத்தை எழுதி எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் அனுப்பினோம். பனையே இல்லாத மலையில் பீலிக்கரைத் தங்கச்சி அந்தப் பாடத்தை எப்படிப் படிப்பித்திருப்பா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

எனக்குத் தெரிந்த வேலை பாடநூல் வேலை, அதனால் வேலையாகவே சொல்லுகிறேன். சிங்களத்தில் முடித்துவிட்டு மொழிபெயர்க்கும் பழக்கத்தை விட வேண்டும். இரண்டு மொழி எழுத்தாளரும் ஒரே மேசையில், முதல் நாளிலிருந்து. தமிழில் பிறந்த கதை சிங்களத்துக்குப் போகட்டும், பெயர் மாற்றாமல். எழுதுவோரில் வகுப்பில் இன்றைக்கும் நிற்கிற ஆரம்பப் பிரிவு ஆசிரியர் பாதிப் பேராவது இருக்க வேண்டும். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்து வெளியே வந்த எத்தனையோ பேர் மலையில் படிப்பிக்கிறார்கள், தேடி அலையத் தேவையில்லை. படம் வரைகிறவர் போய்ப் பார்த்து வரைய வேண்டும், இணையத்தில் எடுத்து அல்ல. அச்சுக்கு முந்தி அற்றன், மன்னார், அக்கரைப்பற்று, வாகரை, கேகாலை என்று சில வகுப்பறைகளில் கரட்டுப் பிரதியை வைத்துப் பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கம்பகாவில் ஒரு வருடம் பரீட்சித்தது போல. அன்றைக்கு அந்த ஒரு மாவட்டத்தோடு ஏன் நிறுத்தினோம் என்பதையும் கேட்க வேண்டும்.

பரீட்சையையும் விடக் கூடாது. புலமைப்பரிசிலில் வராததை அம்மா அப்பா படிக்க விடமாட்டார்கள். வினாத்தாளில் காமன் கூத்து வந்தால் அடுத்த வருடமே எல்லா ரியூசன் கொட்டிலிலும் காமன் கூத்து இருக்கும்!

இருமொழி எழுதியது:

வடலி ஐயா, "பெயர் மாற்றாமல்" என்பதை நான் நூறு தரம் ஆமோதிக்கிறேன்.

பீலிக்கரை அக்கா, ஒரு யோசனை. அரசாங்கப் புத்தகம் மாறும்போது மாறட்டும். உங்கள் பிள்ளைகள் வரைந்து, அவர்கள் சொன்னதை நீங்கள் எழுதி, ஒரு சின்னப் புத்தகம் செய்ய முடியுமா? நான் சிங்களத்துக்கு மொழிபெயர்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். தமிழ் முதலில் எழுதப்பட்டு, பெட்டி தமிழுக்கு அளந்து போடப்பட்டு, சிங்களம் அதற்குள் வரட்டும். நான் இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

கேகாலை டீச்சர் எழுதியது:

அப்படியென்றால் முதல் வாசகர்கள் என் பிள்ளைகள். அவர்களும் தங்கள் வீட்டை வரைந்து அனுப்புவார்கள். கட்டாயம் செய்வோம் அக்கா.

கல்லோயாக்கரை எழுதியது:

எங்கட வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "தாத்தா" பக்கத்தை நாங்கள் எழுதித் தருவோம்.

பீலிக்கரை எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். தவணைப் பரீட்சை, மழை, இரண்டும் சேர்ந்துவிட்டன.

புத்தகம் முடிந்தது. 24 பக்கம். சாதாரணத் தாள், நடுவில் நூல் தைத்தது. பெரட்டு, மட்டக்கம்பு, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, தப்பு மேளம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படம். ஓர் அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, "நம்ம கவ்வாத்துக் கத்திய புக்குல போட்டுருக்கீங்களாம்?" என்று கேட்டார். காட்டினேன். கத்தியின் வளைவு பிழை என்று சொல்லி, மகளின் பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பையனை நான் எதற்கும் வற்புறுத்தவில்லை. எல்லோரும் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டாம் நாள் தானே தாள் கேட்டான். ஒன்பதாம் பக்கம் அவனுடையது. எட்டுக் கதவு, தகரத்தின் மேல் கல். இந்த முறை நான்காவது கதவுக்கு முன்னால் ஒரு பெண் சட்டி பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அது யார் என்று மஸ்கெலியாத் தம்பிக்கு நான் சொல்லத் தேவையில்லை. கீழே என்ன எழுத என்று கேட்டேன். "மூணாவது கதவு எங்க வீடு" என்றான். காம்பரா என்று எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வீடுன்னே போடுங்க மிஸ்" என்றான்.

தம்பி இருமொழி, ஒரு சந்தேகம். மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குழாய் வைத்து விழச் செய்திருக்கும் இடம், நாங்கள் குளிக்கும் இடம், அதை நாங்கள் பீலி என்போம். சிங்களத்தில் என்ன போடுவீர்கள்?

கேகாலை டீச்சர் எழுதியது:

தம்பிக்கு முன்னால் நான் சொல்கிறேன் அக்கா. எங்கள் ஊரிலும் அது உண்டு, பிள்ளைகள் பாடசாலை விட்டு அங்கேதான் குளிக்கிறார்கள். பீல்ல என்பார்கள், எழுதும்போது பிஹில்ல. இன்று வகுப்பில் உங்கள் பதினான்காம் பக்கத்தைத் தொலைபேசியில் காட்டி, "பீலி" என்று வாசித்தேன். நான் சிங்களத்தில் சொல்வதற்கு முதலே பின்னால் இருந்து ஒருத்தன் "டீச்சர், அது எங்கட பீல்ல!" என்று கத்தினான். புத்தகத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.